ஐந்நூற்றொன்றாவது யூனிட்

அன்புள்ள அம்மா,

கும்பகோணத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். கோடிங் ஒரு வரிகூடத் தெரியாமல், ஏஐயை வைத்துக்கொண்டு, வீட்டு மீட்டர் ரீடிங்கைக் கணக்குப் பார்க்க ஒரு சின்ன ஆப் செய்துகொள்ள முடியுமா? அதற்குப் பணம் செலவாகுமா? செய்து முடித்தபின் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கலாமா?

முடியும். பெரும்பாலும் ஆகாது. கொடுக்க வேண்டாம். இவ்வளவுதான் பதில் என்றால் ஒரு அஞ்சலட்டையே போதும். ஆனால் முப்பது வருஷம் அஞ்சலகக் கவுண்டரில் இருந்தவர், சாயங்காலம் கணக்கு டாலி ஆகாமல் வீட்டுக்குப் போனதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்கு அஞ்சலட்டைப் பதில் அனுப்பினால் அடுத்த தபாலிலேயே கேள்விகள் திரும்பி வரும்.

உங்கள் மகன் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். "ஏஐகிட்ட சொன்னா அதுவே செஞ்சிடும்மா, நீ ஒண்ணும் பார்க்க வேண்டாம்" என்றாராம். அவர் சொல்வதற்கு வைப் கோடிங் என்று பெயர். 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கார்பதி வைத்த பெயர் அது. அவர் ஓப்பன்ஏஐயைத் தொடங்கியவர்களில் ஒருவர். டெஸ்லாவில் ஏஐ பிரிவை நடத்தியவர். நிரலைப் படிக்காமலே, வேண்டியதைச் சொல்லிச் சொல்லி வாங்கிக்கொண்டு போவதை அப்படிக் குறிப்பிட்டார். வாரக் கடைசியில் செய்து தூக்கிப்போடுகிற வேலைகளுக்கு இது பரவாயில்லை என்றும் அதே பதிவில் எழுதியிருந்தார். அந்தப் பாதியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. உங்களுடையது தூக்கிப்போடும் வேலை இல்லை. வருஷத்துக்கு ஆறு பில் வருகிறது. அந்தக் கணக்கை நம்பித்தான் மே மாதத்தில் பேரப்பிள்ளைகளின் அறையில் ஏசியைப் போடுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்யப் போகிறீர்கள்.

நிரலை நீங்கள் படிக்க வேண்டாம். ஆனால் மின்கட்டணக் கணக்கை இயந்திரத்தைவிட நீங்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்த வேலையில் உங்கள் பங்கு அதுதான், அது சின்னப் பங்கும் இல்லை. எப்படி என்று கணக்கோடு காட்டுகிறேன்.

2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பிறகும் விகிதங்கள் ஏறியிருக்கின்றன, ஆகவே ஆப்பில் போடும்போது உங்கள் கடைசி பில்லில் உள்ள விகிதத்தையே போடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அந்தக் கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் முடித்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடினால் 225, 900, 600; கூட்டினால் 1,725 ரூபாய்.

இப்போது 501 யூனிட் ஓடியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏணியில் அடுத்த படி 8 ரூபாய்தானே, 1,733 வரும் என்று யாரும் நினைப்பார்கள். வராது. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அட்டவணையே வேறு. அதில் 2 ரூபாய் 25 காசு என்ற படியே கிடையாது. 101-லிருந்து 400 வரை எல்லாமே 4 ரூபாய் 50 காசு. அதாவது 1,350, 600, 8; மொத்தம் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். இதை உங்கள் தெருவில் பாதிப் பேர் அனுபவத்தில் அறிவார்கள். ஏஐக்கு இது தானாகத் தெரியும் என்று நம்பாதீர்கள். அது படித்துப் பழகியதில் பெரும்பகுதி வேறு ஊர்களின் கணக்கு. பல இடங்களில் ஸ்லாப் என்றால் வருமான வரிபோல ஒரே ஏணி, ஏற ஏற மேல்படிக்கு மட்டும் கூடுதல் விலை. "தமிழ்நாட்டு மின்கட்டணத்துக்கு ஒரு ஆப்" என்று மட்டும் சொன்னால் அது அழகான பொத்தான்களோடு, பச்சை நிறத்தில், 1,733 என்று காட்டக்கூடும். ஆப் நின்றுபோகாது, சிவப்பில் எச்சரிக்கை எதுவும் வராது. எண் மட்டும் தப்பு.

இதேபோல அது தானாக வைத்துக்கொள்ளும் இன்னொரு எண்ணம், மாதம் என்றால் 1-ஆம் தேதியிலிருந்து 30 வரை என்பது. உங்களுக்குக் கணக்கு தொடங்குவது ரீடிங் எடுப்பவர் கடைசியாக வந்துபோன நாளில். அவர் நான்கு நாள் தாமதமாக வந்தால் அந்த நான்கு நாள் யூனிட்டும் அதே பில்லில்தான் ஏறும். காலண்டர் இந்தக் கணக்குக்கு உதவாது.

ஆகவே ஏஐயிடம் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பழைய பில்களை எடுத்து வைத்து, 100-க்குள் முடிந்தது ஒன்று, 300 வாக்கில் ஒன்று, 500-க்குக் கொஞ்சம் கீழே ஒன்று, கொஞ்சம் மேலே ஒன்று என்று பொறுக்குங்கள். எல்லாம் ஒரே கட்டண விகிதத்தின் காலத்தில் வந்த பில்களாக இருக்கட்டும். தேதி, பழைய ரீடிங், புதிய ரீடிங், யூனிட், தொகை இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஆப் எப்படி இருந்தாலும் சரி, இந்த எண்களைக் கொடுத்தால் இந்தத் தொகை வந்தாக வேண்டும். மென்பொருள்காரர்கள் இதை டெஸ்ட் கேஸ் என்று சொல்வார்கள், அவர்களில் பலர் இதை எழுத அலுத்துக்கொள்வார்கள். நீங்கள் அலுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

பிறகு கேளுங்கள். கிளாட், சாட்ஜிபிடி, ஜெமினி எதுவானாலும் இந்த அளவு வேலைக்குப் போதும்; இலவசக் கணக்கிலேயே முடித்துவிடலாம். தமிழிலேயே எழுதலாம், பேச்சுத் தமிழிலும் எழுதலாம். ஒரு குறை: தமிழ் எழுத்துகளை இவை ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைத்துப் படிப்பதால் இலவச அளவு சற்றுச் சீக்கிரம் தீர்ந்துபோகலாம். தீர்ந்தால் சில மணி நேரம் கழித்து வாருங்கள், அவ்வளவுதான். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படி எழுதுவேன்:

"என் வீட்டு மின்மீட்டர் ரீடிங்கைப் பதிய ஒரு பக்கம் வேண்டும். நான் ஒருத்தி மட்டும், ஆண்ட்ராய்டு போனில், குரோமில் பயன்படுத்துவேன். லாகின் வேண்டாம், இணையத்தில் எதையும் சேமிக்க வேண்டாம், ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைலாக இருக்கட்டும். கடைசி பில்லின் தேதியும் ரீடிங்கும் நான் தருவேன். தினமும் ஒரு ரீடிங் போடுவேன். இதுவரை எத்தனை யூனிட், ஒரு நாள் சராசரி என்ன, இப்படியே போனால் 60-ஆவது நாளில் எவ்வளவு, 500-க்குள் நிறுத்த இனி நாளைக்கு எத்தனை யூனிட் செலவழிக்கலாம் என்று மட்டும் காட்டு. கட்டணத்தில் இரண்டு தனித்தனி அட்டவணை உண்டு, கீழே தருகிறேன். பழைய பில்களும் தருகிறேன், அந்தத் தொகைகள் சரியாக வர வேண்டும். நிரல் எழுதுவதற்கு முன் உனக்குப் புரியாததை என்னிடம் கேள்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இந்தக் கருவிகளுக்கு ஒரு சுபாவம் உண்டு. தெரியாததைக் கேட்பதற்குப் பதிலாகத் தாமே ஒன்றை ஊகித்துக்கொண்டு எழுதி முடித்துவிடும். கேட்கச் சொன்னால் கேட்கும், சில சமயம் நல்ல கேள்வியாகவே கேட்கும். மீட்டரை மாற்றினால் ரீடிங் பூஜ்யத்திலிருந்து தொடங்குமே, அப்போது என்ன செய்ய என்று கேட்டால், அன்று அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

அந்தப் பக்கம் என்ன சொல்லும் என்பதற்கு ஒரு மாதிரி. கடைசி பில்லில் ரீடிங் 18,240. 41-ஆம் நாள் காலையில் 18,602. ஓடியது 362 யூனிட், சராசரி 8.83. இப்படியே போனால் 60-ஆவது நாளில் 530. பழைய விகிதப்படி 2,190 ரூபாய். மீதியுள்ள 19 நாளுக்குக் கையில் இருப்பது 138 யூனிட், அதாவது நாளுக்கு 7.26. ஆக, தினமும் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் குறைக்க வேண்டும். பழைய ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய அவ்வளவுதான். விடியற்காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக ஏசியை அணைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் 465 ரூபாய் மிச்சம்.

இதற்கு ஆப் எதற்கு, எக்ஸெல் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிரல் எழுதத் தெரியாதவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே கணினியில் போட்டுக்கொள்ள வழி செய்தது விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள். 1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் செய்தது. எக்ஸெல் எல்லாம் அதன் வாரிசு. உங்களுக்கு எக்ஸெல் கைவந்தது என்றால் அதிலேயே செய்யுங்கள், இந்தக் கடிதத்தில் பாதி தேவைப்படாது. ஆனால் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனில் அந்தச் சின்னக் கட்டத்தைக் குத்தித் திருத்துவது எனக்கே எரிச்சலாக இருக்கும். பெரிய எழுத்தில் ஒரு பெட்டி, ஒரு பொத்தான், அதற்குக் கீழே ஒரு எண் என்று இருந்தால்தான் ஒருவர் தினமும் போடுவார்.

பக்கம் வந்ததும் பழைய பில்களைப் போட்டுப் பாருங்கள். 500, 501 இரண்டையும் கட்டாயம் போடுங்கள். தொகை சரியாக வந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். உங்களுக்கென்றே ஒரு பொறி காத்திருக்கிறது.

காலையில் ஐந்து மணிக்குக் கோலம் போட்டுவிட்டு, அப்படியே ரீடிங்கைக் காலண்டர் தாளில் குறித்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். இந்தக் கருவிகள் எழுதும் நிரலில் இன்றைய தேதியை எடுக்க ஒரு குறுக்குவழி அடிக்கடி வரும். அது உலகப் பொது நேரப்படி தேதியைத் தரும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். எனவே காலை 5.30 வரைக்கும் அந்தக் குறுக்குவழிக்கு இன்னும் நேற்றுதான். நேற்று ஆறரை மணிக்கு ஒரு ரீடிங் போட்டீர்கள், இன்று ஐந்து மணிக்கு ஒன்று போட்டீர்கள் என்றால் இரண்டும் ஒரே தேதியில் விழும். நாளுக்கு ஒரு பதிவு என்று ஆப் வைத்திருந்தால் நேற்றைய எண் சத்தமில்லாமல் அழிந்துபோகும். செய்தவர் பத்து மணிக்கு எழுந்து சோதித்துப் பார்த்திருந்தால் இந்தப் பிழை அவர் கண்ணில் படவே படாது. "தேதி எப்போதும் இந்திய நேரப்படி இருக்க வேண்டும், காலை ஐந்து மணிக்குப் பதிவேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தேதியைக் கையால் அடிக்கும் பெட்டியும் வேண்டாம். 05/06 என்று ஜூன் ஐந்தை நினைத்து அடிப்பீர்கள். அது அமெரிக்க வழக்கப்படி மே ஆறு என்று எடுத்துக்கொள்ளும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளும் நீங்கள் அடித்ததை மறுக்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டு, பதின்மூன்றாம் நாள்தான் முதல் முறையாக மறுக்கும். காலண்டரைத் தொட்டுத் தேதியைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வேண்டும் என்று கேளுங்கள்.

பணத்தை ரூபாயாக அல்லாமல் காசாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் உலாவி 0.30000000000000004 என்று தரும். கணினி பின்னத்தை இரண்டின் அடுக்குகளில் வைத்துக்கொள்வதால் வரும் வினை. கவுண்டரில் ஒரு காசு இடித்தால் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒன்றைத் திருத்தச் சொல்லும்போது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று சரியாக ஓடியதும் அந்த ஃபைலைத் தேதி போட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் இது நடக்கும்: ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும், அதைச் சொன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டு "சரிசெய்துவிட்டேன்" என்று சொல்லும், பார்த்தால் அப்படியே இருக்கும். அதோடு வாதம் செய்ய வேண்டாம். அந்த உரையாடலை மூடிவிட்டு, கடைசியாக ஒழுங்காக ஓடிய ஃபைலைக் கொடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள். நீண்ட பேச்சில் அது தன் பழைய தவறுகளையும் சேர்த்தே படித்துக்கொண்டு குழம்பிவிடுகிறது.

அந்த ஃபைலைப் போனில் எப்படி வைத்துக்கொள்வது? வாட்ஸ்அப்பில் அனுப்பித் திறந்தால் பக்கம் தெரியும், ஆனால் நீங்கள் பதிந்தது அடுத்த முறை நிற்குமா என்பது சந்தேகம். கிட்ஹப் பேஜஸ் மாதிரி இலவச இடத்தில் அந்த ஒரு ஃபைலை ஏற்றிவிட்டு, குரோமில் திறந்து, முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்வதுதான் நல்லது. இதற்கு மட்டும் மகனை ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். அங்கே ஏறுவது வெறும் பக்கம்தான். உங்கள் ரீடிங்குகள் போனுக்குள்ளேயே இருக்கும். மின் இணைப்பு எண், பெயர், முகவரி எதையும் அதில் எழுத வேண்டாம், இந்தக் கணக்குக்கு அவை தேவையே இல்லை. மருமகளின் ஐபோனிலும் வேண்டும் என்றால் அங்கேயும் முகப்புத் திரையில் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். வெறுமனே சஃபாரியில் திறந்து வைத்தால், சஃபாரியைப் பயன்படுத்திய ஏழு நாளில் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை என்று கண்டதும் அது சேமித்ததை அழித்துவிடும்.

பிளே ஸ்டோரில் போடலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அதற்கு 25 டாலர் பதிவுக் கட்டணம். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர் பன்னிரண்டு பேரைச் சேர்த்துப் பதினான்கு நாள் தொடர்ந்து சோதித்துக் காட்ட வேண்டும். ஆப்பிளில் வருஷத்துக்கு 99 டாலர். வீட்டுக்குள் மட்டும் பார்க்கப்போகும் எண்ணுக்கு இவ்வளவு சடங்கு எதற்கு?

போன் தொலைந்தால் கணக்கும் தொலையும். ஆகவே எல்லாப் பதிவையும் ஒரு சிஎஸ்வி ஃபைலாக எடுக்கும் பொத்தான் ஒன்றும், அதைத் திரும்ப ஏற்றும் பொத்தான் ஒன்றும் கேளுங்கள். ஒவ்வொரு பில் வந்த அன்றும் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். நான் மிகையாகப் பயப்படுத்தவில்லை. 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவர் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஐயை வைத்து ஒரு ஆப் செய்துகொண்டிருந்தபோது, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், அது உண்மையான தரவுகள் இருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. ரெப்ளிட்டின் தலைவரே பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். காலண்டர் தாளில் எழுதுவதையும் முதல் இரண்டு பில் வரைக்கும் நிறுத்தாதீர்கள்.

அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? இது உங்கள் கைக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை. எதிர்வீட்டில் மாடிக்குத் தனி மீட்டர் இருக்கலாம், கடைக்கோடி வீட்டில் கடைக்கான இணைப்பு இருக்கலாம். அங்கெல்லாம் கணக்கே வேறு. அவர்கள் வீட்டில் கணக்கு தப்பினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கூடவே லாகின், பாஸ்வேர்டு, பொதுவான சேமிப்பிடம் என்று ஒவ்வொன்றாக வரும். அடுத்தவர் தகவலை வைத்துக்கொள்ளத் தொடங்கிய நிமிஷத்தில் இது வீட்டு வேலை இல்லை, பொறுப்பு. அதை நிரல் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் ஏஐயை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால் பக்கத்தைக் கொடுக்காதீர்கள், ஏஐயிடம் கேட்க மேலே எழுதியிருக்கும் பத்தியைக் கொடுங்கள். அவரவர் பில்லை வைத்து அவரவரே செய்துகொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. கட்டணம் மறுபடியும் மாறும். விகிதங்கள் நிரலுக்குள் புதைந்து கிடந்தால் ஒவ்வொரு தடவையும் ஏஐயிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். அவற்றைத் தனியாக ஒரு திரையில், நீங்களே திருத்தும்படி, எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதோடு வைக்கச் சொல்லுங்கள். தேதி இல்லாவிட்டால் புதிய விகிதத்தைப் போட்டதும் பழைய பில்களின் தொகையெல்லாம் மாறிவிடும், நீங்கள் சரிபார்த்து வைத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும். இதைச் செய்து முடித்ததும் அந்தத் தாளில் உள்ள பில்களை மீண்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அடுத்த பில்லில் ஆப் சொன்ன தொகையும் வந்த தொகையும் இடித்தால், எந்த ரீடிங்கில் எவ்வளவு இடிக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.